ரீடிங்காரரும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும்

என் அத்தை காலமாகிவிட்ட செய்தியை எங்களுக்குச் சொன்னவர் ரீடிங்காரர்தான். சொன்னது அத்தையிடமே. அத்தை அப்போது வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ரிஜிஸ்டர்ல பார்த்தேனுங்க அக்கா. நீங்க தவறிப் பதினோரு வருசம் ஆச்சுங்க. மார்கழி மாசம்."

"யாரு, நானா?"

"ஆமாங்க. பேரு, ஊரு, கதவு நம்பரு எல்லாம் சரியா இருக்குதுங்க."

"உங்க முன்னாலதான சாமி உக்கோந்திருக்கறேன்?"

"அது கண்ணுக்குத் தெரியுதுங்க. எழுத்துல இல்லீங்களே," என்றார் ரீடிங்காரர், நிஜமான வருத்தத்தோடு.

அத்தையின் மாமியார் இறந்தபோது பதிவு செய்யப் போனவர்கள் மாமியார் பெயருக்குப் பதில் மருமகள் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். இதை விளக்கிச் சொல்லியும் அவர் அசையவில்லை. அத்தை கையிலிருந்த கீரைக் குச்சியை அவர்மேல் எறிந்தார். அவர் ஒதுங்கி நின்றுகொண்டு தன் நோட்டில் இப்படி எழுதினார்: 'காலமானதாகப் பதிவு. நேரில் பேசினார். கோபமாக இருந்தார்.' பின்னாளில் இதைக் கணினியில் அடித்தவள் நான் என்பதால் வரி மாறாமல் நினைவிருக்கிறது.

அவருக்குப் பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் எழுதப்போவதில்லை. மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிய கால், ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. அதே வீடுகளுக்கு அதே மொபெட்டில் போனார். மீட்டருக்குப் பதிலாக மனிதர்களின் தாத்தாக்களைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார். உங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார், எதற்காக வந்தார், யாருடைய நிலத்தில் குடிசை போட்டார் என்று கேட்பார். நாம் பெருமையாக ஏதாவது சொன்னால் தலையாட்டிவிட்டு, "அதுக்கு எழுத்து இருக்குதுங்களா?" என்பார். இருக்காது. எந்த வீட்டிலும் இருக்காது.

அவர் பையில் எப்போதும் ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பொட்டலம் கோலமாவு, ஓர் உருண்டை புளி இருக்கும். மாவு, கல்வெட்டில் தேய்த்து எழுத்தைப் படிக்க. புளி, பித்தளைச் சாமான்களைத் துலக்கிப் படிக்க. ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லும்போது அவர் மாவு பூசிய ஒரு கல்லின் படத்தைப் போடுவார். கீழே ஒரு வீட்டுக்காரரின் மானம் போயிருக்கும்.

"கொஞ்சம் பார்த்து எழுதக் கூடாதுங்களா?" என்று யாராவது கெஞ்சினால் அவரிடம் ஒரே பதில்தான். "மீட்டர்ல ஓடுனது ஓடுனதுதானுங்க. நான் கொறைச்சும் எழுத முடியாது, கூட்டியும் எழுத முடியாதுங்க."

போர்வெல் ரிக் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் ஊரில் பெரிய ஆள். அவருடைய முன்னோர் கோயிலுக்கு வெண்கல மணி வாங்கிக் கொடுத்தவர் என்று சொல்லித்தான் நோம்பிக்கு நோம்பி, திருவிழா தவறாமல், அந்த வீட்டாருக்கு முதல் மாலை. ரீடிங்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை ஏணி போட்டு ஏறி, புளி போட்டு மணியைத் துலக்கிவிட்டார். மணியின் உள்விளிம்பில் வேறொரு வீட்டுக்காரர் பெயர் இருந்தது. ரிக்காரர் முகம் செத்துவிட்டது. பெயருக்குச் சொந்தமான வீட்டார் ஓடிவந்து ரீடிங்காரருக்கு மாலை போடப் போனார்கள். "இருங்க, இன்னும் ஒரு வரி இருக்குதுங்க," என்று அவர் இன்னும் கொஞ்சம் துலக்கினார். 'கோயில் ஆட்டைத் தின்ற குற்றத்துக்காகக் கொடுத்தது' என்று இருந்தது. மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரு மணியால் இரண்டு வீட்டுக் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். எழுத்து தெளிவாக இருந்ததாம்.

எனக்கு அவரைப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். சங்ககிரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, லாரி பாடி கட்டுகிறவர்களின் விசிட்டிங் கார்டு, இவைதான் பிழைப்பு. கும்பாபிஷேகத்தன்று வெளியிட ஊர் வரலாறு ஒன்று வேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு செய்து, அவர் எழுத, நான் அடிக்க என்று ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வரும் என்று நம்பியே ஒப்புக்கொண்டார்கள். பாவம், அவர்களுக்கு ஆளைத் தெரிந்தும் புத்தி வரவில்லை.

தினமும் மூன்று மணிக்குக் கையெழுத்துத் தாள்களோடு வருவார். என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெருமூச்சு விடுவார். பெட்டி பெட்டியாக வம்சாவளி. மேலே ஒரு பெட்டி, கீழே மூன்று, அதன் கீழே ஒன்பது. ஒரு கோடு அரை விரல் நகர்ந்தால்கூட, "அம்மிணி, இந்தக் கோடு சித்தப்பனுக்குப் போகுதுங்க," என்பார். அவரிடம் ஒரு நல்ல பழக்கமும் உண்டு. அச்சில் வரும்வரை எதையும் வாயால் சொல்ல மாட்டார். அட்டையில் ஏறாத ரீடிங்கை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அந்தப் பழக்கம்தான் அப்போது என்னைக் காப்பாற்றியது.

எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. பதினேழு பேர் வந்து கேசரி தின்றுவிட்டுப் போன வீடு எங்கள் வீடு. பதினெட்டாவதாக ஒருவர் வந்தார். ராசிபுரம் பக்கம் ஊர், சங்ககிரியில் பட்டன் தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்யும் பட்டறை. பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரமே ஆள் என் கடைக்கு வந்து விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்து, நான் விட்ட பிழையைக் கண்டுபிடித்து, "இதை நீங்களே சரி பண்ணிருவீங்கன்னு தெரியுமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனவர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் கூட்டம் பார்ப்பார்கள். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை விலகினாலும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. கட்டிக்கொடுக்க மாட்டார்கள். எங்கள் கூட்டம் வேறு, அவர்கள் கூட்டம் வேறு, குலதெய்வமும் வேறு. அதனால் அப்பா நிம்மதியாகப் பந்தல்காரருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

புரட்டாசியில் ஒருநாள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கூட்டத்து வம்சாவளி. ஓர் ஓரத்தில் புதிதாக ஒரு பெட்டி. எங்கள் ஊரில் பிறந்து, ராசிபுரம் பக்கம் பெண் கட்டி, மாமனார் வீட்டோடு போய்விட்ட ஒருவர். கீழே மூன்று மகன்கள், பேரன்கள், கடைசி வரிசையில் என் மாப்பிள்ளையின் பெயர். கை அப்படியே நின்றுவிட்டது. போனவர் மாமனாரின் நிலத்தை உழுது, மாமனாரின் குலதெய்வத்தையே கும்பிட்டு, பிள்ளைகளும் அந்தக் கூட்டமாகவே வளர்ந்துவிட்டார்கள். நாலாவது தலைமுறைக்குத் தாங்கள் வேறு கூட்டத்தில் பிறந்தவரின் வாரிசு என்பதே தெரியாது.

ரீடிங்காரர் வந்ததும் கடைக்கு வந்த ஆளை அனுப்பிவிட்டுக் கேட்டேன். அவர் எங்கள் கூட்டம் இல்லை, அதனால் எனக்கு மாமா முறை.

"ஏனுங் மாமா, இந்தப் பக்கத்துல கடைசியா இருக்கறது யாருன்னு தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க அம்மிணி. உங்களுக்குப் பேசியிருக்கற மாப்பிள்ளை."

"தெரிஞ்சுதான் எழுதுனீங்களா?"

"தெரியறதுக்கு முன்னாடியே எழுதிட்டேனுங்க. தெரிஞ்சதுக்கப்பறம் அழிச்சா அது நாயமுங்களா?"

"கல்யாணம் நின்னு போயிருமுங்க."

"போகுமுங்க," என்று ஒப்புக்கொண்டார். "எனக்கும் சங்கடந்தானுங்க. பையன் தங்கமான பையன்னு சொல்றாங்க."

பையிலிருந்து ஒரு நகலை எடுத்துக் காட்டினார். பழைய தானப் பத்திரம். 'என் ஒரே குமாரத்தியை மணந்து என் வீட்டிலேயே இருந்துவரும்' என்று தொடங்கி, எங்கள் ஊர் பெயரும் அந்த ஆளின் அப்பா பெயரும் அச்சரம் பிசகாமல் இருந்தன. எனக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரை அல்ல, பத்திரத்தை எழுதியவனைத் திட்டினேன். அவன் செத்து நூறு வருஷம் ஆகியிருக்கும்.

மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்தார். "டயர்ல பழைய பட்டன் தேஞ்சு, புதுசு ஒட்டி, அதுவும் நாலு தடவை ஓடி முடிஞ்சிருச்சுங்க. உள்ளார எந்தக் கம்பெனின்னு இப்ப எதுக்குத் தேடறாரு?" என்றார். அவருக்கு அவ்வளவுதான். ஆனால் அவருடைய பெரியப்பன்மார் மூன்று பேரும் என் அப்பாவும் அப்படிச் சிரிக்கிற ஆட்கள் இல்லை. புத்தகம் வந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அந்த ஆளோட கொழந்தைகளுக்கு மொட்டை எங்க அடிச்சாங்க மாமா?"

"அவுங்க அம்மா ஊட்டுக் கோயில்லதானுங்க."

"பொங்கல் எங்க வெச்சாங்க?"

"அங்கதானுங்க. கோயில் கல்லுல வரி போட்டிருக்குது."

"எங்க கோயிலுக்கு ஒருக்காவாச்சும் வந்தாங்களா?"

"வந்ததுக்கு எழுத்து இல்லீங்க."

"அப்ப அது அந்தம்மாவோட வம்சந்தான? மேல அந்தம்மாவைப் போட்டு அந்த ஊட்டுக்குக் கீழ எழுதுங்க. ஓடுனதைத்தான எழுதுவீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவரை நூற்றுப் பத்துப் பக்கத்துக்குமேல் அடித்திருந்தோம். ஒரு பெட்டியிலும் ஒரு பெண் இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர் ஆண்கள் ஆண்களையே பெற்றுக்கொண்டு முந்நூறு வருஷம் ஓட்டியிருந்தார்கள்.

"பொம்பளைங்களுக்குப் பொட்டி போட்டு வழக்கமில்லீங்களே அம்மிணி. அவுங்க வேற ஊட்டுக்குப் போயிர்றாங்க."

"இந்தம்மா எங்கயும் போகலீங்களே மாமா. அந்த ஆளுதான கெளம்பிப் போனாரு?"

தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்து, உட்காராமல், "நாயமுங்க அம்மிணி. நானும் ரோசனை பண்ணிப் பார்த்துட்டேன்," என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா பேரு வேணுமுங்க. பேரில்லாத பொட்டி நான் போட மாட்டேன்."

பெயரைத் தேடிக் கிளம்பினார். தானப் பத்திரத்தில் அவள் 'ஒரே குமாரத்தி'. இறப்புப் பதிவில் அவள் 'இன்னாருடைய பெண்சாதி'. நிலப் பதிவில் புருஷன் பெயர். கோயில் கல்லில் அப்பா பெயர், புருஷன் பெயர், மூன்று மகன்கள் பெயர், கூடவே உபயம் கொடுத்த காளையின் நிறம்கூட இருந்தது. அவள் இல்லை. ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு பத்துப் பதினைந்து தடவை ராசிபுரம் போய்வந்தார். கடைசியில் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். எழுத்தை விட்டு, உயிரோடு இருக்கிறவர்களின் வாய்வார்த்தையை நம்பிக் கேட்கப் போனார்.

"தொண்ணூறு வயசுக்காரர் ஒருத்தரு பார்த்திருக்காருங்க," என்று வந்து சொன்னார். "செவந்த பொம்பளையாம். கம்மங்கூழு நல்லாக் கரைப்பாங்களாம். பேரு என்னன்னு கேட்டேன். 'ஆத்தா'ன்னு சொல்றாருங்க. நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் ஆத்தாங்கறாரு."

புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "கெடைக்கலீங்க அம்மிணி. அந்த ஆளைப் பழையபடி உங்க கூட்டத்துலயே போட்டுருங்க. அவருக்குத்தான் எழுத்து இருக்குது," என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் போடவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து அந்த ஆளை நீக்கினேன். ராசிபுரத்து வம்சத்துக்குத் தனிப் பக்கம் போட்டு, உச்சியில் ஒரு பெட்டி வரைந்து, 'பாவாயி' என்று அடித்தேன். எங்கள் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவும் அம்மாவின் பெயர் அது. வாயில் முதலில் வந்தது, பெட்டிக்குள்ளும் அடங்கியது. பொய்தான். கை கூசவில்லை. பதினேழு கேசரிக்குப் பிறகு யாருக்கும் கூசாது.

முந்நூறு பிரதியும் கட்டுக்கட்டாக வந்து இறங்கியதும் அவர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். 'பாவாயி'மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பேருக்கு எழுத்து எங்கீங்க அம்மிணி?"

"இல்லீங்க மாமா."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். ஒரு துண்டுத்தாள் மட்டும் அடித்துத் தரச் சொன்னார். 'பிழைதிருத்தம்: பெண்வழி வம்சாவளியின் தலைப்பில் உள்ள பாவாயி என்ற பெயருக்கு ஆதாரம் இல்லை. அவருடைய கணவர் பிறந்த கூட்டம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைச் சேர்ந்தது.' மாட்டேன் என்றால் கையால் முந்நூறு தடவை எழுதுவார் என்று தெரியும். அடித்துக் கொடுத்தேன். அவரே உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டைச் செருகினார்.

கும்பாபிஷேகத்தன்று நான் சாமியைப் பார்க்கவில்லை, புத்தகம் வாங்கியவர்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளாளுக்கு வாங்கிய வேகத்தில் தங்கள் வீட்டுப் பக்கத்தைத் தேடினார்கள். தங்கள் போட்டோ இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் பூசாரி திருநீறு கொடுத்தார். மடிக்கக் காகிதம் வேண்டுமே. புத்தகத்துக்குள் அளவாக ஒரு துண்டுத்தாள் இருந்தது. ஊரே அதில் திருநீறு மடித்து மடியில் செருகிக்கொண்டு போயிற்று. என் அப்பா வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்து என் நெற்றியில் வைத்துவிட்டார். துண்டை நான் வாங்கி அடுப்பில் போட்டேன். ரீடிங்காரர் தூணோரம் நின்று இதையெல்லாம் பார்த்திருப்பார். அவர் தன் கடமையைச் செய்துவிட்டார், படிப்பது அவர் வேலை இல்லை.

தையில் கல்யாணம் நடந்தது. அவரும் வந்து இரண்டாம் பந்தியில் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தப் புத்தகத்தில் என் மாமியார் வீட்டார் ஒழுங்காகப் படித்தது ஒரே ஒரு பெட்டி. எல்லாம் ஆம்பளைகளாக இருக்கும் புத்தகத்தில் தங்கள் வம்சத்துக்கு மட்டும் உச்சியில் ஒரு பொம்பளை இருப்பதில் அவர்களுக்கு ஏகப் பெருமை. என் பெரிய நாத்தனார் கனவில் பாவாயி அரக்குச் சேலையில் வந்து தண்ணீர் கேட்டாள். ஆடிக்கு ஆடி பாவாயிக்குச் சேலை வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு மகள் பிறந்ததும் மாமியார் யாரையும் கேட்கவில்லை. "எங்க முதல் ஆத்தா பேரு," என்று சொல்லிப் பிறப்புச் சான்றிதழிலேயே பாவாயி என்று எழுதச் சொல்லிவிட்டார். நான் என்னவென்று மறுப்பது? பால்வாடியில் அத்தனை பிள்ளைகளும் ஸ்டைலாகப் பெயர் வைத்திருக்க, என் மகள் மட்டும் பாவாயி.

அவளுக்கு நாலு வயதில் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். பெயர் கிடைக்காத அந்தம்மா வீட்டுக் கோயில்தான். ரீடிங்காரர் மொபெட்டில் அவ்வளவு தூரம் வந்திருந்தார். ரொம்பத் தளர்ந்திருந்தார். ஆனால் நோட்டு இருந்தது. என்னோடு வாதாடித் தோற்ற பிறகு பெண் பிள்ளைகளுக்கும் பெட்டி போடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"கண்ணு, உம் பேரு என்ன சாமி?"

"பாவாயி," என்றாள் மகள், காது வலியில் சிணுங்கிக்கொண்டே.

பேனா நின்றது. மாமியார் பக்கத்தில் நின்று, "எங்க வம்சத்தைத் தொடங்கி வெச்ச ஆத்தா பேருங்க," என்றார். அவர் மாமியாரைப் பார்த்துத் தலையாட்டினார். என்னிடம் திரும்பி, "சர்ட்டிபிகேட் இருக்குதுங்களா அம்மிணி?" என்று கேட்டார். அவரைத் தெரியும் என்பதால் கைப்பையில் எடுத்துப்போயிருந்தேன். கண்ணுக்கு அருகே வைத்து இரண்டு முறை படித்தார். பெட்டி வரைந்து, பெயரை எழுதி, சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். மாமியார் பொங்கல் பானைப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் பாவாயி நெசமுங்க அம்மிணி. இதை எழுதலாம். அந்தம்மாவைத்தான் இன்னும் தேடிட்டிருக்கேன். ஆத்தூர்ப் பக்கம் அவுங்க அம்மா பொறந்த ஊடு ஒண்ணு இருக்குதாமுங்க. நாளைக்குப் போயிட்டு வாரேன்."

அத்தனை வருஷத்தில் அந்தம்மாவின் பெயரை நான் ஒருநாள்கூடத் தேடியதில்லை.